குத்தகைதாரர்: இல்லை

புரோகிராம் எழுதுகிற தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: மெஷின் நாம் சொன்னதை மட்டும்தான் செய்யும், சொல்லாமல் விட்டதற்கெல்லாம் நாம்தான் திட்டு வாங்க வேண்டும். கண்ணாடியின் பவர் வருடா வருடம் ஏறிக்கொண்டிருக்கும் என் சக துர்பாக்கியசாலிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் புகுந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளை நினைத்துக்கொள்ளுங்கள், விஷயம் புரிந்துவிடும்.

நான் கூத்தாநல்லூர்க்காரி. அத்தா (அப்பாதான்) குவைத்தில் ஒரு துணிக்கடையில் நின்று அனுப்பிய காசில் கம்ப்யூட்டர் படித்தேன். இரண்டாயிரமாவது வருடக் கடைசியில், நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கான்ட்ராக்டை எடுத்திருந்த ஒரு கம்பெனி என்னை டெல்டாவில் ஒரு தாலுகா ஆபீசில் கொண்டுபோய் உட்காரவைத்தது. எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். குடவாசலும் இல்லை, மன்னார்குடியும் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன். பழைய ரிக்கார்டு ரூமில் பாதியைத் தடுத்து, கம்ப்யூட்டர் கெட்டுப்போகக் கூடாது என்று ஏ.சி. மாட்டியிருந்தார்கள். நான் கெட்டுப்போவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தயவில் எனக்கும் காற்று வந்தது.

ஒன்று விடாமல்

அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. எந்த நிலம், யாருடையது, என்ன போகம், யார் சாகுபடி என்பதைக் கிராம நிர்வாக அலுவலர் அதில் எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதிக்கு மேல் கூட்டுப் பட்டா. ஒரு பக்கத்தில் நாலு அண்ணன் தம்பி பேர் இருக்கும், அதற்குக் கீழே ஏழு சர்வே நம்பர் இருக்கும். எவர் எந்த வயலை உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியும், அந்தப் பக்கத்துக்குத் தெரியாது. துணை வட்டாட்சியர் (டெபுடி சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம்) இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பேரையும் நம்பரையும் போகத்தையும் எப்படியெல்லாம் சேர்க்க முடியுமோ அப்படியெல்லாம் சேர்த்து நான் அச்சடித்துத் தர வேண்டும். கிராமத்தில் சரியானதற்கு டிக் போட்டு, தப்பானதை அடித்துவிடுவார்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரு பக்கத்தில் எத்தனை பட்டியல் வரும் என்று தெரியாது. ஒரு ஊரில் பேர், நம்பர், போகம் என்று மூன்று. இன்னொரு ஊரில் வாய்க்காலையும் மரங்களையும் சேர்த்து ஐந்து. மூன்று என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று என்று மூன்று எழுதிவிட்டுப் போகலாம். தெரியாவிட்டால் எத்தனை எழுதுவது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். முதல் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மீதிப் பட்டியல்களை மறுபடியும் தன்னிடமே கொடுக்கும். திரும்பி வருகிற ஒவ்வொரு வரியின் முன்னாலும் கையிலிருக்கும் ஒவ்வொரு பேரையும் ஒட்டும். மூன்று பட்டியலானாலும் முப்பதானாலும் அதே பன்னிரண்டு வரிதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டெபுடி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமல் ஏ.சி.யைப் பார்த்தபடி சொன்னார்: "எது சரின்னு நாங்க பாத்துக்கறோம். நீங்க ஒண்ணு விடாம அடிச்சுக் குடுங்க."

தோசையும் சட்னியும்

ஆபீசுக்கு எதிரே ஹமீது மாமாவின் டிபன் கடை. உறவு ஒன்றும் இல்லை, ஊர்க்காரர் என்பதால் மாமா. அந்தக் குளிர்ந்த ரூமுக்குள் நான் என்னதான் செய்கிறேன் என்று ஒரு நாள் கேட்டார். அவர் கடை போர்டை வைத்தே விளக்கினேன். சாதா, வெங்காயம், ரவா என்று மூன்று தோசை. தேங்காய், தக்காளி என்று இரண்டு சட்னி. ஆக மொத்தம் ஆறு விதமாக ஒருத்தர் சாப்பிடலாம். கூடவே டீயா காபியா என்று சேர்த்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

அவர் கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டே யோசித்தார். கடை வைத்திருக்கிறவர்கள் யோசிக்கிற மாதிரி கோர்ட்டில் இருக்கிறவர்கள்கூட யோசிப்பதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் கேட்டதைக் காதில் வாங்காமல் கை கழுவப் போய்விட்டேன். அவர் கேட்டது இதுதான்: "எல்லாம் சரிம்மா, சட்னி தீந்துபோச்சுன்னா உன் மெஷின் என்ன பண்ணும்?"

மொத்தமும் எனக்கு

முதல் கட்டாகப் போனது கலியமூர்த்தி சாரின் கிராமத்துக்கு. அவர்தான் அங்கே கிராம நிர்வாக அலுவலர். அதில் ஒரு கூட்டுப் பட்டா: பங்காளிகள் பதினொரு பேர், சர்வே நம்பர் ஒன்பது, குறுவை சம்பா தாளடி என்று மூன்று போகம். இருநூற்றுத் தொண்ணூற்றேழு வரிகள். பிரிண்டர் கதறிய கதறலில் பக்கத்து ரூமில் மனு எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்தார்.

கலியமூர்த்தி சார் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஹமீது மாமா கடையில் உட்கார்ந்து, ஒரே மத்தியானத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றேழுக்கும் டிக் போட்டுவிட்டார். அடித்தால்தான் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள், டிக் போட்டவனை எவனும் கேட்டதில்லை என்பது அவருடைய முப்பது வருட சர்வீஸ் சொல்லிக் கொடுத்தது. விளைவு, பதினொரு பேருக்கும் ஒன்பது வயலும் சொந்தம் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. அவர்களில் பத்து வருடமாகக் கோர்ட்டில் நிற்கிற அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு நகலை வாங்கிக்கொண்டு என் ரூம் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிட்டபின், அண்ணன்காரர் நகலை என் மேஜையில் வைத்துச் சொன்னார்: "மொத்த நிலமும் எனக்குன்னு உங்க கம்ப்யூட்டர் சொன்னது சரிதாம்மா. அதையே தம்பிகிட்டயும் சொன்னதுதான் தப்பு."

மேலே இருக்கும் படம்

தாளின் தலைப்பில் முதலமைச்சர் படமும் ஒரு வாசகமும் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நான்கு கிராமத்துக்குத் தாள் அடித்து, டிக் போட்டுத் திரும்பி வந்து சேர்ந்த நேரத்தில் ஆட்சி மாறியது. பழைய படம் போட்ட தாள் ஒன்றுகூடச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். படத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ளலாமே என்று நான் கேட்டதற்கு, டெபுடி சார் என்னைக் கட்சிக்காரி என்று நினைத்துவிட்டார். எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. போகிற போக்கில் புதிதாக ஒரு உத்தரவும் வந்தது: இந்த முறை குத்தகைதாரர் பட்டியலையும் சேர்க்க வேண்டும். எத்தனை பட்டியல் வந்தாலும் என் புரோகிராம் தாங்கும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

பழைய கட்டுகளை ஆபீஸ் உதவியாளர் காசிநாதன் கயிறு போட்டுக் கட்டி, பின்பக்கக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆறு நடை நடந்தார். கடைசி நடையில் என் ரூமில் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நிலம் போட்ட எடத்துலயேதாம்மா கெடக்கு. மேல இருக்கற படத்துக்குத்தான் நான் சுமக்கறேன்."

பதினாலு பேர், ஒரு வாசல்

இந்தச் சமயத்தில்தான் அஞ்சம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவரும் கலியமூர்த்தி சாரின் கிராமம்தான். அங்கே பெரிய வீடு என்று சொல்லப்படும் மிராசுதார் வீட்டு நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், புருஷன் காலத்திலிருந்து குத்தகைச் சாகுபடி. அவர் செத்த பிறகு அஞ்சம்மாளே உழவும் நடவும் பார்த்தார். குத்தகை நெல்லைக் களத்திலேயே அளந்துவிடுவார். ரசீது என்பதைக் கண்ணால் கண்டதில்லை. இப்போது பெரிய வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வந்து நிலத்தை விற்கப் போவதாகப் பேச்சு. குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால் யார் வாங்கினாலும் அஞ்சம்மாளை வயலைவிட்டு இறக்க முடியாது. ஏறாவிட்டால் வரும் சம்பாவுக்கு அந்த வரப்பில்கூடக் கால் வைக்க முடியாது. விவசாயிகள் சங்கத்துக்காரர் ஒருவர் மனு எழுதிக் கொடுத்திருந்தார். அந்த மனு திரும்பி வந்துவிட்டது. மிராசுதார் பெயரில் அங்கே நிலமே இல்லையாம்.

எனக்கு வேலை ஓடாத மத்தியானம். பெரிய வீட்டின் கதவு இலக்கத்தைப் போட்டுத் தேடினேன். அந்த ஒரே வாசலில் பதினாலு நில உடைமையாளர்கள் இருந்தார்கள்: மகன், மருமகள், மைத்துனர், வண்டி ஓட்டுகிறவர், சமையற்காரர், ஒரு பஜனை மடம். ஒருவர் இவ்வளவுதான் வைத்திருக்கலாம் என்று சட்டம் சொல்லும் நில உச்சவரம்பை ஒருவர்கூடத் தாண்டவில்லை. அஞ்சம்மாள் சொன்ன வாய்க்காலை ஒட்டி ஆறு சர்வே நம்பர். பதினாலு பேரையும் ஆறு நம்பரையும் என் புரோகிராமில் போட்டு, வந்த எண்பத்து நாலு வரிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். வாய்க்காலுக்குத் தெற்கே, ஆறு மா அளவு என்று ஒன்றே ஒன்று பொருந்தியது. சமையற்காரர் சாமிநாதன். செத்து எட்டு வருடமாகியிருந்தது. அஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தார், பிறகு சொன்னார்: "சாமிநாதனா? அவரு எங்க வூட்டுக் கொல்லையில கருவேப்பிலை கேட்டு வருவாரும்மா. தனக்கு நெலம் இருந்தது அவருக்கே தெரியாது."

காணாமல் போனது

மனு சரியான பெயரோடு மறுபடியும் போனது. நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியில், குத்தகைதாரர் பட்டியலையும் சேர்த்துப் புதிய படத்தோடு தாள் அடித்தேன். கலியமூர்த்தி சாரின் கட்டு இந்த முறை மெலிந்து இருந்தது. டிக் போடுவது குறைந்ததென்று அவருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், பிரிண்டர் ரிப்பன் மிச்சம். ஒரு பட்டியல் கூடினால் வரிகள் கூடத்தானே வேண்டும், ஏன் குறைந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜீப் பழையது, முன்னால் பறந்த கொடி மட்டும் புதியது. நிலம் வாங்க வந்தவர்கள் பதிவைப் பார்த்திருக்கிறார்கள். பதினாலு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. நூற்றுப் பத்து ஏக்கர் மொத்தமாகக் காணோம். மாவட்டத் தலைமையிலிருந்து போன் மேல் போன். டெபுடி சார் முதன்முறையாக என் திரையைப் பார்த்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நிலங்களில் குத்தகைதாரர் பட்டியல் காலி. காலிப் பட்டியலோடு எதைச் சேர்த்தாலும் என் புரோகிராம் ஒரு வரிகூடத் தராது. சட்னி தீர்ந்தால் தோசையையும் இல்லை என்று சொல்லிவிடும். ஹமீது மாமா கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். காரியஸ்தர் என்னிடம் பேசாமல் டெபுடி சாரிடம் சொன்னார்: "பரம்பரையா இருக்கற நெலத்தை ஒரு பொண்ணு பட்டனைத் தட்டி இல்லாமப் பண்ணுமா? அப்ப சர்க்கார் எதுக்கு?"

எழுதாமல் விட்ட கட்டம்

அன்றைக்குச் சாயங்காலம் காணாமல் போன வரிகளை மட்டும் தனியாக அச்சடித்துப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. சொந்த நிலத்தைத் தானே உழுகிற சின்ன விவசாயிகள் யாரும் அதில் இல்லை. அவர்களுக்குக் குத்தகைதாரர் கட்டத்தில் 'சுயம்' என்று எழுதியிருந்தது. காலியாக இருந்தவை எல்லாம் பெரிய வீடுகளின் நிலங்கள், கோவில் நிலங்கள், வெளிநாட்டில் இருக்கிறவர்களின் நிலங்கள். எங்கள் ஊர் ஆட்களின் பெயர்களும் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தாவின் சிநேகிதர் ஒருவர் பெயரும் இருந்தது.

கலியமூர்த்தி சாரைக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஏ.சி. ரூம் கதவைச் சாத்தினார். அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் என் கையிலிருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. யாரோ ஒருவர் உழுது, எவர் பேரும் எழுதப்படாத நிலங்களின் முழுப் பட்டியல் அது. அஞ்சம்மாளின் ஆறு மாவும் அதில் இருந்தது. சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராக சைக்கிள் மிதித்தும் கிடைக்காத பட்டியல், என் தப்பால் எனக்குக் கிடைத்திருந்தது. கலியமூர்த்தி சார் சொன்னது: "சுயம்னு எழுதுனா பொய்யி. ஆளு பேரை எழுதுனா என் வேலை போயிடும். அதான் ஒண்ணும் எழுதாம உட்டுர்றது. எங்க அப்பா கர்ணமா இருந்தப்பவும் அப்படித்தான்."

ஒரு சொல்

அந்தப் பட்டியலை டெபுடி சாரிடம் கொடுத்தேன். காலியான கட்டங்களில் யார் உழுகிறார்கள் என்று நேரில் போய் விசாரித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவர் இரண்டு பக்கம் புரட்டினார், இழுப்பறைக்குள் வைத்தார், சாவியைத் திருப்பினார். பெரிய வீட்டு நிலம் இன்றைக்குள் திரும்பி வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அது சுலபம். பட்டியல் காலியாக இருந்தால் அதில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் போதும், மற்றதெல்லாம் வந்துவிடும். ஒரே வரி. நான் 'தெரியவில்லை' என்று போட்டேன். உண்மை அதுதான். மாதிரித் தாளைப் பார்த்ததும் டெபுடி சார் முகம் சுளித்தார். அத்தா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட வருடம் அது. வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்தான், என் கான்ட்ராக்ட் நீட்டிப்புத் தாள் அவர் மேஜையில் கிடந்தது. இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. அவர் சொன்னதும் நான் சொல்லை மாற்றினேன், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் சொன்னது: "சர்க்கார் தெரியலைன்னு சொல்லக் கூடாதும்மா. இல்லைன்னு போடுங்க."

விசாரணை

நூற்றுப் பத்து ஏக்கரும் ஒரே நாளில் திரும்பி வந்தது. அஞ்சம்மாளின் மனு விசாரணைக்கு வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அவர் நாற்று விட்டுவிட்டார். எந்த நம்பிக்கையில் என்று கேட்டால், இரண்டு பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொல்ல வந்திருந்தார்கள், பழைய அடங்கலில் குத்தகைதாரர் கட்டம் காலி. காலி என்றால் எழுதவில்லை என்றுதான் அர்த்தம், ஆள் இல்லை என்று அர்த்தமில்லை என்று சங்கத்துக்காரர் வாதம் செய்தார். நல்ல வாதம். நானே அப்படித்தான் வாதம் செய்திருப்பேன். பெரிய வீட்டு வக்கீல் எழுந்து என் தாளை எடுத்து நீட்டினார். முத்திரையோடு, படத்தோடு, தெளிவாக அச்சாகியிருந்தது: குத்தகைதாரர், இல்லை.

விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். இது உங்கள் கம்ப்யூட்டரில் வந்ததுதானா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டெபுடி சார் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். திரும்பி வந்து ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்தேன், அன்றைக்கு அந்தக் காற்று எனக்கு அருவருப்பாக இருந்தது. மனு தள்ளுபடி.

அஞ்சம்மாள் போகிறபோது என் ரூமுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்று நிற்கிறது, எங்கே கொண்டுபோய் நடுவது என்று தெரியவில்லை என்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அது யாரும் விசாரித்து எழுதியதில்லை, பட்டியல் காலியாக இருந்தால் மெஷின் ஓடாது, அதற்காக நான் வைத்த சொல் என்றேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "காலியா கெடந்தப்ப, என்னிக்காவது ஒருத்தர் வந்து எழுதுவாங்கன்னு இருந்துச்சும்மா. நீங்க படிச்சவங்க, இல்லைன்னே எழுதிட்டீங்க."

இருபது வருடமாக நான் எழுதுகிற எந்தப் புரோகிராமிலும் ஒரு பட்டியல் காலியாக வந்தால் மெஷின் நின்று, 'யாரைக் கேட்டு இதை நிரப்புவது?' என்று திரையில் கேட்கும்; இதுவரை ஒருவர்கூடப் பதில் எழுதியதில்லை, எல்லோரும் எண்டரைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள்.